கறுப்புத் தாமரையும் உளுந்தளவு சூரியனும்

அன்புள்ள ஐயா,

‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற சீட்டு விளையாட்டின் பழைய சீட்டு ஒன்று 5,11,100 டாலருக்கு ஏலம் போனதாகப் படித்தேன். என் மகனுக்கு அந்த ஆட்டத்தில் பைத்தியம். படத்தைக் காட்டுடா என்று வாங்கிப் பார்த்தால், இலைகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பூ. அவ்வளவுதான். இதற்கா இத்தனை விலை? வரைந்தவர் அவ்வளவு பெரிய ஓவியரா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த விலை படத்துக்கு இல்லை. 1993 ஆகஸ்டில் வந்த முதல் அச்சில் ‘பிளாக் லோட்டஸ்’ சுமார் 1,100 பிரதிகள்தான். அந்த வருடத்தோடு அச்சும் நின்றது. இனி அடிக்க மாட்டோம் என்று 1996இல் நிறுவனம் வாக்கே கொடுத்துவிட்டது. ஆட்டத்திலோ அதற்கு அசுர பலம். சுற்றுக்கு ஒரு நிலச்சீட்டுதான் இறக்கலாம். அதிலிருந்து ஒரு ‘மானா’, அதாவது மந்திரம் போடத் தேவையான சக்தி. நாலாவது சுற்றில் கைக்கு வரவேண்டிய நாலு மானா, லோட்டஸ் வைத்திருப்பவருக்கு முதல் சுற்றிலேயே வந்துவிடும். மிச்சத்தை உங்கள் மகன் சொல்வான், நிறுத்துவதுதான் கஷ்டம்.

வரைந்தவர் கிறிஸ்டோபர் ரஷ். 2016இல் ஐம்பது வயதில் இறந்துபோனார். நீங்கள் சொன்ன ஏலம் நடந்தது 2021இல். சீட்டை அடைத்திருந்த பிளாஸ்டிக் உறையில் அவர் கையெழுத்து இருந்தது.

உண்மையைச் சொன்னால் அந்தப் பூ எனக்கும் சுமார்தான். ஆனால் சீட்டின் அளவையும் யோசியுங்கள். 63க்கு 88 மில்லிமீட்டர். அதில் பாதிகூடப் படத்துக்குக் கிடைக்காது. மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவர் அதைத் தலைகீழாகப் பார்த்து, சட்டென்று இன்ன சீட்டு என்று அடையாளம் காண வேண்டும். இங்கே நுணுக்கம் காட்டினால் எல்லாம் கசகசவென்று ஆகிவிடும். ரஷ் வரைந்த ‘லைட்னிங் போல்ட்’ சீட்டையும் பாருங்கள். மந்திரவாதி இல்லை, அடிபட்டு விழுபவன் இல்லை. மின்னல், அதுவே போதும் என்று விட்டுவிட்டார். முதல் தொகுப்புக்கு வரைந்த இருபத்தைந்து பேரில் எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் இருக்கவில்லை.

என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை வேறு. மானாவில் ஐந்து நிறம் உண்டு. வெள்ளைக்குச் சூரியன், நீலத்துக்குத் துளி, கறுப்புக்கு மண்டையோடு, சிவப்புக்குத் தீ, பச்சைக்கு மரம். இந்த ஐந்து மானா சின்னங்களையும் அவரும் கலை இயக்குநர் ஜெஸ்பர் மிர்ஃபோர்ஸும் சேர்ந்து உருவாக்கினார்கள். உளுந்தளவுதான் இருக்கும். சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றும் அதே ஐந்துதான். ஆங்கிலம் தெரியாத ஜப்பானியப் பையனுக்கும் அது புரிகிறது. படத்துக்குக் கீழே வரைந்தவர் பெயரைப் போடுவார்கள். சின்னத்துக்குக் கீழே யார் போடுவார்கள்?

மகனிடம் ஏதாவது ஒரு சீட்டை வாங்கி வலது மேல்மூலையைப் பாருங்கள், பெரும்பாலும் அந்த ஐந்தில் ஒன்று இருக்கும். லோட்டஸில் அந்த இடத்தில் வெறும் பூஜ்யம்.