அந்த '22 நானோமீட்டர்' ரிப்போர்ட்டை நம்பலாமா?

கேள்வி: சேலம் சூரமங்கலத்தில் சிறிய உலோகப் பட்டறை வைத்திருக்கிறேன். செம்பு-சிர்க்கோனியம் நாடாவைக் காற்றில் சுட்டால் நானோ ஆக்சைடு பொடி கிடைக்குமாம். நாடா, உலை இரண்டையும் தருவதாகச் சொல்லும் தரகர், எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் 22 நானோமீட்டர் என்று காட்டுகிறார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

முறையில் பொய்யில்லை. உருக்கிய கலவையைச் சுழலும் செம்புச் சக்கரத்தில் பீய்ச்சினால் நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் ஆறி, 20 முதல் 50 மைக்ரான் தடிமனில் நாடாவாக வரும். இரண்டு உலோகமும் பிரிந்து படிகமாக நேரமே கிடைக்காது. அதனால் சுடும்போது ஆக்சைடு பல இடங்களில் ஒரே சமயத்தில் முளைத்து, சிறிதாகவே நின்றுவிடும்.

வில்லங்கம் அந்த ரிப்போர்ட்டில்தான். எக்ஸ்ரே சொல்வது படிகத்தின் அளவை. பொடித் துகளின் அளவை அல்ல. 22 நானோமீட்டர் படிகங்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக் கட்டியாகிவிட்டாலும் ரிப்போர்ட் மாறாது. தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "பி.இ.டி. பரப்பளவு எத்தனை?" என்று கேளுங்கள். ஒரு கிராம் பொடிக்கு மொத்த மேற்பரப்பு எவ்வளவு என்று, வாயுவைப் படியவைத்து அளக்கும் சோதனை அது. தனித்தனித் துகளாக இருந்தால் கிராமுக்குச் சுமார் 45 சதுர மீட்டர் வரவேண்டும். 4 என்று வந்தால் துகள் 250 நானோமீட்டர் போலத்தான் நடந்துகொள்ளும். மாதிரியை நீங்களே எடுத்து அனுப்புங்கள், அவர் நீட்டும் குப்பி வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் (SAIF) என்ற ஆய்வுக் கருவி மையம் வெளியார் மாதிரிகளையும் சோதிக்கிறது.

நான் பார்த்த மானியப் படிவங்களில் 'எக்ஸ்ரே ரிப்போர்ட் இணைக்கவும்' என்று ஒரு கட்டம் உண்டு. பரப்பளவுக்கும் ஒரு கட்டம் போட யாருக்கும் கை வரவில்லை. தரகர் பிழைப்பதே அந்த ஓட்டையில்தான்.

ஒன்று மட்டும் விலக்கு. வாங்குபவர் வினையூக்கிக்காகக் கேட்டால் கட்டியாக இருப்பது குற்றமில்லை. கட்டிக்குள் நுண்துளைகள் திறந்திருந்து வாயு உள்ளே போனால் போதும். அங்கேயும் பரப்பளவுதான் பேசும், படிக அளவு அல்ல. பெயின்டுக்கோ பூச்சுக்கோ என்றால் இந்தச் சலுகை கிடையாது.

உலையில் நாடாவைக் குவிக்காமல் மெல்லப் பரப்புங்கள். ஆக்சைடு ஆகும்போது அதுவே சூட்டைக் கக்கும். மீட்டர் காட்டுவதைவிடக் குவியலின் நடுவே சூடு ஏறிப் படிகம் பெருத்துவிடும். மாக்னசைட் சூளையில் சூடு மிஞ்சி 'டெட் பர்ன்ட்' ஆன கல்லுக்கு வீரியம் போவதைச் சேலத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுடாத நாடாவை மட்டும் அரைக்கவே கூடாது. நுண்ணிய சிர்க்கோனியம் காற்றுப் பட்டே தீப்பிடிக்கக்கூடியது. பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், உலர்ந்த மணல்தான்.