கிரீ மட்டும் உள்ள சுண்டெலிகள் எங்கே?

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் மட்டும் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு, குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனையில் சர்க்கரை இறங்கவே இல்லை, கணையம் பழுதாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒப்பீட்டுக்கு ஃப்ளாக்ஸ் எலிகள் (மரபணுவின் இரு பக்கமும் வெட்டுக்குறி இருக்கும், அங்கே வெட்டும் கிரீ நொதி இருக்காது) மட்டும்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேயே இருக்கலாம்.

நீங்கள் பயன்படுத்திய ரிப்-கிரீ வகை, அதாவது இன்சுலின் மரபணுவின் இயக்கியை வைத்துக் கிரீயை உருவாக்கும் எலி வகை, கொஞ்சம் வில்லங்கமானது. அந்த டிரான்ஸ்ஜீனில் (எலிக்குள் புகுத்திய மரபணுவில்) மனித வளர்ச்சி ஹார்மோனின் மரபணுத் துண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதையும் நீக்காமல், கிரீ மட்டும் இருந்தே தாங்குதிறன் குறைந்த எலிகள் உண்டு. போதாததற்கு, மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸிலும் கிரீ வேலை செய்யும். பசியோ எடையோ மாறியிருந்தால் அதைக் கணையத்தின் தலையில் கட்ட முடியாது. ஆகவே கிரீ மட்டும் உள்ள எலிகளையும் அதே ஈற்றிலிருந்து எடுத்துச் சோதியுங்கள்.

அப்புறம், சி57பிஎல்/6ஜே, 6என் என்ற ஆய்வக எலி வகைகள் இரண்டும் கலந்திருக்கின்றனவா? 6ஜே வகையில் என்என்டி என்ற மைட்டோகாண்ட்ரியா நொதியின் மரபணு ஏற்கெனவே பழுது, இன்சுலின் சுரப்பும் குறைவு. ஒவ்வொரு எலிக்கும் அந்த மரபணுவைப் பார்க்க ஒரு பிசிஆர் (டிஎன்ஏ சோதனை) போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் சரி என்றால், குளுக்கோஸ் கொடுத்த 15 நிமிடத்தில் இன்சுலினை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் பீட்டா செல்லைச் சந்தேகிக்கலாம். கூடியிருந்தால் இன்சுலின் எதிர்ப்பு. கல்லீரலையும் தசையையும் பார்க்க வேண்டும். கணையத்தை வெட்டிச் சாயமேற்றுவது அதற்குப் பிறகுதான்.