ஊட்டிக் குளிரில் மலேரியாவே கிடையாது. பிறகு, மலேரியா பரவும் ஊர்களில் பெருகும் சிக்கிள் செல் ஜீன் (சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் பரம்பரை மாற்றம்) நீலகிரிப் பழங்குடிகளிடம் ஏன் இருக்கிறது? ரத்தப் பரிசோதனை முகாமில் ‘பாசிட்டிவ்’ என்றால் நோய் என்று அர்த்தமா?

நீலகிரி என்றாலே ஊட்டி என்று எடுத்துக்கொள்வதில்தான் முதல் சறுக்கல். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கூடலூர் ஏறக்குறைய 1,000 மீட்டர்தான். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் தெங்குமரஹாடா பக்கம் இறங்கினால் இன்னும் தாழ்வு, நல்ல வெக்கை. ஒரே மாவட்டம்தான், ஆனால் கொசுவுக்கு அது இரண்டு வேறு நாடுகள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிரைப் பறிக்கும் வகையான பால்சிபாரம் மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் முதிர்ந்தால்தான் அடுத்த ஆளுக்குத் தொற்றும். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதற்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: சராசரி வெப்பநிலையில் 16-ஐக் கழித்து, வந்த எண்ணால் 111-ஐ வகுக்க வேண்டும். 25 டிகிரியில் 12 நாள். 20 டிகிரியில் 28 நாள். 18 டிகிரியில் 55 நாள். அவ்வளவு நாள் அநேகமாக எந்தக் கொசுவும் உயிரோடு இருப்பதில்லை. ஊட்டியில் மலேரியா ஓட்டம் அறுந்துபோவதும், அடிவாரத்திலும் வயநாட்டுப் பக்கத்திலும் அது தலைமுறை தலைமுறையாக ஆட்களைக் கொன்றதும் இந்தச் சில டிகிரி வித்தியாசத்தால்தான்.

அந்த அடிவாரக் காடுகளில் வாழ்ந்தவர்கள் இருளர், பணியர், குறும்பர். இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலாகப் பதிவானது 1952-ல். லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டார்கள். சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற இன்னொன்று உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான் மாற்றம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்திருந்தால் அவர் கேரியர். அவருக்கும் மலேரியா தொற்றும். ஆனால் உயிரை எடுக்கும் அளவுக்கு முற்றுவது வெகு குறைவு. கிருமி புகுந்த சிவப்பணு சீக்கிரம் அரிவாளாக வளைய, மண்ணீரல் அதை வடிகட்டிவிடும். மலேரியா ஊரில் கேரியர்கள் அதிகம் பிழைத்ததால்தான் இந்த ஜீனும் தலைமுறை தாண்டி நின்றது. இருவரிடமிருந்தும் வந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நோயும் அவருக்குத்தான், மலேரியா வந்தால் ஆபத்தும் அவருக்குத்தான். ‘எதிர்ப்புச் சக்தி உள்ள ரத்தம்’ என்று இதைப் பெருமையாகச் சொல்வது பாதி உண்மை.

குடும்பம் மேட்டு எஸ்டேட்டுக்குக் குடிபெயர்ந்தால் ஜீனும் கூடவே ஏறும். அதனால் இன்றைய முகவரியை வைத்து தட்பவெப்பத்தோடு முடிச்சுப் போடாதீர்கள், முன்னோர் ஊரைக் கேளுங்கள். சின்னச் சமூகத்தில், உள்ளுக்குள்ளேயே கல்யாணம் நடக்கும் இடத்தில், தற்செயலாகவும் ஒரு ஜீன் பெருகும். 50 பேரிடம் ரத்தம் எடுத்து ஜீன் விகிதம் (ஒவ்வொருவரிடமும் உள்ள இரண்டு பிரதிகளையும் எண்ணினால் அவற்றில் மாறியவற்றின் பங்கு) 10 சதவீதம் என்று வந்தால், உண்மை 4 முதல் 16 வரை எங்கும் இருக்கலாம். அந்த 50 பேரும் ஆறு வீட்டு உறவுக்காரர்கள் என்றால் அதைக்கூட நம்ப முடியாது. இன்னொன்று, ஜீன் விகிதம் 10 என்றால் கேரியர்கள் 18 சதவீதம், நோயாளிகள் 1 சதவீதம். இந்த மூன்று எண்களையும் போட்டுக் குழப்பாத செய்தி அபூர்வம்.

இனி முகாம் பரிசோதனை. விரல் நுனி ரத்தத்தைக் கரைசலில் விட்டு, சில நிமிடம் கழித்துக் குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடிப்பார்கள். கோடு தெரியாமல் கலங்கியிருந்தால் பாசிட்டிவ். கேரியரா நோயாளியா என்று இது பிரித்துச் சொல்லாது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோபோரசிஸ் என்ற ஆய்வகப் பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும். கடும் ரத்தசோகை, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, அண்மையில் ரத்தம் ஏற்றியவர் – இவர்களிடம் ‘நெகட்டிவ்’ வந்தால் நம்ப வேண்டாம். மலையில் நடக்கும் இன்னொரு தவறு, பெட்டியில் சில்லிட்டுக் கிடந்த கரைசலை அப்படியே பயன்படுத்துவது. அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கேரியர் என்று உறுதியானால் மருந்து எதுவும் வேண்டாம். துணைவருக்கும் பரிசோதனை எடுங்கள். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுள்ள குழந்தைக்கு. நோயாளியை ஊட்டிக்கு அழைத்துப்போவதானால் ஸ்வெட்டரும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். அங்கே ஆக்சிஜன் அழுத்தம் கடல்மட்டத்தில் முக்கால் பங்குதான், குளிரும் சேர்ந்தால் வலி கிளம்பிவிடும்.