தட்டில் கஸ் கான் பெயர் இருந்தால் போதுமா?

கேள்வி: சிகாகோவில் வேலை பார்க்கிறேன். நண்பர்களுடன் சேர்ந்து 1920களில் நடக்கும் ஒரு குறும்படம் எடுக்கிறோம். அமெரிக்கப் பாட்டாசிரியர் கஸ் கான் எழுதிய 'இட் ஹேட் டு பி யூ', 'ட்ரீம் எ லிட்டில் ட்ரீம் ஆஃப் மீ' இரண்டின் பழைய 78 சுற்று கிராமஃபோன் இசைத்தட்டுகளைச் சந்தையில் வாங்கினேன். அவற்றிலிருந்தே ஒலியை எடுத்துப் படத்தில் சேர்க்க ஆசை. "எழுதியவர் 1941லேயே செத்துவிட்டார், எல்லாம் ஃப்ரீ" என்கிறார் ஒரு நண்பர். "கஸ் கான் பாட்டு மொத்தத்துக்கும் முழு உரிமைக் கடிதம் தருகிறேன், 400 டாலர்" என்கிறார் ஒரு ஏஜென்ட். யாரை நம்புவது? படத்தைச் சென்னையிலும் திரையிட வேண்டும்.

பதில்: இருவரையும் நம்ப வேண்டாம். நண்பர் விவரம் தெரியாமல் சொல்கிறார். ஏஜென்ட் தெரிந்தேதான் சொல்கிறார்.

அந்தக் காலத்துப் பாட்டுக்கு அமெரிக்காவில் எழுதியவர் இறந்த வருடத்தை யாரும் பார்ப்பதில்லை. பாட்டு வெளியான வருடத்திலிருந்து 95 ஆண்டு, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் உங்கள் கையில் இருப்பது வெறும் பாட்டு இல்லை, ஒலிப்பதிவு. வரிக்கும் மெட்டுக்கும் ஒரு உரிமை. அதைப் பாடிப் பதிந்த தட்டுக்கு வேறொரு உரிமை, அதற்கு வேறு கணக்கு. 1923 முதல் 1946 வரை வெளியான தட்டுகளுக்கு 100 ஆண்டு.

'இட் ஹேட் டு பி யூ' 1924ல் வந்த பாட்டு. இசை இஷாம் ஜோன்ஸ். பாட்டு 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பப்ளிக் டொமைன், அதாவது யாருக்கும் தனி உரிமையில்லாத பொதுச் சொத்து. அதே 1924ல் வெளியான தட்டுகள் 2025 ஜனவரி 1 அன்று விடுதலையாயின. உங்களிடம் இருப்பது மரியன் ஹாரிஸ் பாடிய, பிரன்ஸ்விக் கம்பெனியின் 1924 தட்டு என்றால் தைரியமாகப் பயன்படுத்துங்கள், யாருக்கும் ஒரு காசு தர வேண்டியதில்லை. ஆனால் எது உங்கள் தட்டு என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். பாட்டாசிரியர் பெயர் இருக்கும், பாட்டின் பெயர் இருக்கும், தட்டின் எண் மட்டும் இருக்காது.

அந்த எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது. இந்தத் தட்டுகளின் லேபிளில் பொதுவாக வெளியான வருடத்தைப் போடுவதில்லை. சிலவற்றில் பொடி எழுத்தில் ஒரு தேதி இருக்கும். அது பேடன்ட் தேதி, பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பார்த்துவிட்டு "1913 தட்டு சார்" என்று துள்ளிக் குதிப்பவர்கள் உண்டு, அதைக் காட்டியே விலையை ஏற்றி விற்பவர்களும் உண்டு. லேபிளில் உள்ள எண்ணையும், லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணையும் (ஒவ்வொரு பதிவுக்கும் கம்பெனி தந்த எண்) குறித்துக்கொள்ளுங்கள். சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அமெரிக்காவின் பழைய ஒலிப்பதிவுகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இணையத்தில் இலவசம். அதில் தேடினால் பெரும்பாலும் பதிவான நாளே கிடைத்துவிடும்.

கிடைத்ததும் ஒரு இடத்தில் நிதானிக்க வேண்டும். சட்டம் பார்ப்பது பதிவான நாளை அல்ல, தட்டு வெளியான வருடத்தை. கான்-ஜோன்ஸ் கூட்டணியின் 'ஐ'ல் சீ யூ இன் மை ட்ரீம்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரே மில்லரின் இசைக்குழுவோடு இஷாம் ஜோன்ஸ் அதை 1924 டிசம்பரில் பதிவு செய்தார். தட்டு கடைக்கு வந்தது 1925ல். ஆகவே அது விடுதலையானது 2026 ஜனவரி 1. பட்டியலில் 1924 என்று பார்த்துவிட்டு 2025லேயே எடுத்துப் போட்டவர் ஒரு வருடம் முந்திவிட்டார். ஆண்டின் கடைசி இரண்டு மூன்று மாதங்களில் பதிவான எந்தத் தட்டானாலும் வெளியான மாதத்தைத் தனியாகத் தேடுங்கள். அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரங்களிலும் கம்பெனிகளின் மாதப் பட்டியல்களிலும் அது இருக்கும். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

இன்னொரு பொறி, அதே பாடகர் அதே பாட்டை மறுபடி பாடுவது. கஸ் கானுக்குப் பங்குள்ள 'டூட் டூட் டூட்ஸி'யை ஆல் ஜோல்சன் 1922ல் கொலம்பியா கம்பெனிக்குப் பாடினார். 1940களில் டெக்காவுக்கு மறுபடி பாடினார். முதலாவது பப்ளிக் டொமைன், இரண்டாவது இல்லை. அமெரிக்க டெக்கா கம்பெனி தொடங்கியதே 1934ல்தான். ஆனாலும் டெக்கா தட்டைக் கையில் கொடுத்து 1922 என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம், லேபிளில் வெறும் 'கான்' என்று மட்டும் இருந்தால் அது நம் ஆள்தானா என்று பாருங்கள். ரோஜர் உல்ஃப் கான் என்று ஒரு இசைக்குழுத் தலைவர் அதே காலத்தில் இருந்தார், அவரும் மெட்டுப் போட்டவர். கஸ் கானின் மகன் டொனால்டும் பின்னாளில் இசையமைத்தார்.

இனி ஏஜென்ட். 'இட் ஹேட் டு பி யூ'வுக்கு அவர் கடிதம் தருவது மெரினா கடற்கரையில் மனை பட்டா போட்டுத் தருவது மாதிரி. யாருக்கும் சொந்தமில்லாததை அவர் எங்கிருந்து விற்பார்? 'ட்ரீம் எ லிட்டில் ட்ரீம்' இன்னும் உரிமையில் இருக்கும் பாட்டு. அதன் உரிமை பதிப்பாளர்களிடம் இருக்கிறது, இவரிடம் இல்லை. "மொத்தப் பாட்டுக்கும்" என்று ஒருவர் சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள். 'ரீமாஸ்டர் செய்தது, அதனால் புது உரிமை' என்று ஒரு வகையினர் கிளம்பியிருக்கிறார்கள். பழைய ஒலியைத் துடைத்து எடுத்ததால் மட்டும் புது உரிமை பிறந்துவிடாது என்ற திசையில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. உங்கள் சொந்தத் தட்டிலிருந்து நீங்களே ஒலியை எடுத்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இந்தக் கும்பலுக்கு வழிவிட்டது சட்டமேதான். கஸ் கானுக்குப் பங்குள்ள 'எய்ன்ட் வீ காட் ஃபன்' 1921ல் வந்த பாட்டு. அப்போது பாட்டுக்கு 75 ஆண்டுதான் கணக்கு என்பதால் 1997லேயே பொதுவாகிவிட்டது. அதே வருடம் வெளியான அதன் தட்டு பொதுச் சொத்தாவதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2018ல் சட்டத்தைத் திருத்தாமல் விட்டிருந்தால் 2067 வரை பூட்டித்தான் இருந்திருக்கும். பாடியவர், எழுதியவர், வாசித்தவர் ஒருவரும் இல்லை. யாருக்காக இந்தக் காவல் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

சரி, 'ட்ரீம் எ லிட்டில் ட்ரீம்'. அது 1931 பாட்டு. 1920களில் நடக்கும் கதையில் அது ஒலித்தால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், அது வேறு விஷயம். பாட்டு 2027 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுவாகும். 1931 தட்டு 2032 வரை ஆகாது. கட்டாயம் வேண்டுமென்றால் 2027 பிறந்ததும் நண்பர் ஒருவரைப் பியானோவில் உட்காரவைத்து நீங்களே பாடிப் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பதிவு உங்களுடையது. 1968ல் வந்த புகழ்பெற்ற வடிவத்தின் அமைப்பை மட்டும் நகலெடுக்காதீர்கள்.

சென்னைத் திரையிடலுக்கு 'இட் ஹேட் டு பி யூ'வால் தொல்லையில்லை. இந்தியாவில்தான் இறந்த வருடம் பார்ப்பார்கள், அதிலிருந்து 60 ஆண்டு. கஸ் கான் இறந்தது 1941, இஷாம் ஜோன்ஸ் 1956. தட்டுக்கும் அங்கே வெளியானதிலிருந்து 60 ஆண்டுதான்.

யூடியூபில் ஏற்றினால் இவ்வளவுக்குப் பிறகும் உரிமைக் கோரிக்கை வரலாம். யாரோ ஒரு விநியோகஸ்தர் இதே தட்டைத் தன் தொகுப்பில் சேர்த்துப் பதிந்து வைத்திருப்பார், இயந்திரம் இரண்டையும் பொருத்திவிடும். பயப்படாமல் மறுப்புப் பதியுங்கள். தட்டின் எண், வெளியான வருடம், பாட்டு 2020லும் தட்டு 2025லும் பொதுவாகிவிட்டன என்ற ஒரு வரி, இவை போதும். லேபிளின் படத்தையும் எடுத்து வைத்திருங்கள். பதில் சொல்ல எதிராளிக்கு 30 நாள் அவகாசம் தருகிறார்கள். அதனால் விழாவுக்கு இணைப்பு அனுப்ப வேண்டிய தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே ஏற்றிவிடுங்கள்.