உப்பளத்தில் எதை அளப்பது?

கேள்வி: ஐயா, நான் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் உடல்நலம்' என்று ப்ராஜெக்ட் தலைப்பு கொடுத்திருக்கிறேன். 64 கேள்விகளோடு படிவம் தயார். 400 பேரைப் பார்க்க வேண்டும் என்று கணக்கு வருகிறது. கையில் இருப்பது 5 மாதம். எப்படி முடிப்பது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் தலைப்பைச் சுருக்குங்கள் அம்மா. உடல்நலம் என்றால் கண், தோல், மூட்டு, சிறுநீரகம் எல்லாம் வந்துவிடும். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதையும் பார்க்காமல் திரும்புவீர்கள். வெயிலையும் தண்ணீரையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலையில் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போகிறது, அதை ஏன் குடித்து ஈடுகட்ட முடியவில்லை? 5 மாதத்துக்கு இதுவே தாராளம். நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும் கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் கெட்டுப்போகிறது. கொளுத்தும் வெயிலில் மாய்ந்து வேலை செய்வதும் நீர்ச்சத்து இழப்பும் அதற்கு முக்கியக் காரணங்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நம் அளங்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

வானிலை நிலையத்தின் வெப்ப அளவை மட்டும் வைத்து எழுதிவிடாதீர்கள். அது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் எடுத்தது. அளத்திலோ மேலே வெயில், கீழே வெள்ளை உப்பிலிருந்து எதிரொளி. அதற்குத்தான் ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி; புழுக்கத்தைக் காட்டும்), கருங்கோளம் (கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி; வெயிலின் சூட்டைக் காட்டும்), சாதாரண வெப்பமானி மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் WBGT என்ற குறியீடு இருக்கிறது. திறந்த வெளியில் ஈரக்குமிழுக்கு 10-இல் 7 பங்கு, கோளத்துக்கு 2, சாதாரண வெப்பத்துக்கு 1. கடலோரப் புழுக்கம் ஆளை ஏன் அடித்துப் போடுகிறது என்பது அந்த 7 பங்கிலேயே தெரியும். வெயிலுக்குப் பழகியவர் நடுத்தர உழைப்பைத் தொடர்ந்து செய்ய, இந்தக் குறியீட்டில் 28 டிகிரி செல்சியஸை வரம்பாக வைக்கிறார்கள். கருவியை இரவல் வாங்கியாவது ஏப்ரலிலோ மே மாதத்திலோ மணிக்கு ஒருமுறை எடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அளத்தில் வேலையே இருக்காது.

400 பேர் வேண்டாம். ஒரே ஆளை வேலைக்கு முன்னும் பின்னும் அளந்தால் 60 பேரிடமே உருப்படியான விஷயம் கிடைக்கும். எடை, அப்புறம் ஒரு சொட்டுச் சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட அது எத்தனை மடங்கு அடர்த்தி என்பது. 1.020-க்கு மேல் போனால் நீர்ச்சத்து குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். 50 கிலோ உள்ள பெண் 1 கிலோ இழந்தால் அது உடல் எடையில் 2 சதவீதம். வேலைத்திறன் அங்கேயே இறங்கத் தொடங்கும். ஒன்று கவனியுங்கள்: சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் பெண்கள் உப்பு வாருவார்கள். வேலை முடியும்போது அது வேர்வையிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறிக் கனத்திருக்கும். அதோடு எடை பார்த்தால் இழந்தது தெரியாது. இரண்டு முறையும் ஒரே மாதிரி உலர்ந்த உடையில் நிறுத்துங்கள். மறைவாக மாற்றிக்கொள்ள நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் போதும்.

படிவத்தில் 'ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்கிறீர்கள்?' என்று கேட்டிருப்பீர்கள். நானும் பல ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் கேட்டேன். கொட்டகையில் உட்கார்ந்து, பக்கத்தில் கங்காணி நிற்க, எல்லாரும் "நல்லாக் குடிப்போம் சார், ஒரு குறையும் இல்லை" என்றார்கள். என்னோடு வந்த செவிலியர் ஒருத்தர் திரும்பும் வழியில் ஓர் அம்மாவோடு நடந்துகொண்டே, "காலையிலிருந்து எத்தனை தடவை ஒதுங்கினீங்க?" என்று கேட்டார். "எங்க போய் ஒதுங்குறது? சுத்தி வெட்டவெளி. அதான் வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணி வாயில படுறதே இல்ல" என்றார் அந்த அம்மா. அவர் இடுப்பில் தூக்கு வாளியும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதற்கு மேல் என் படிவத்தை நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆகவே லிட்டர் கணக்கை விட்டுவிட்டு, கொண்டுவந்த பாட்டிலில் திரும்பும்போது மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். கழிப்பறை எவ்வளவு தூரம் என்று நடந்து அளந்து எழுதுங்கள். நீங்கள் பெண் என்பதால், எனக்குக் கிடைக்காத பதில்கள் உங்களுக்குக் கிடைக்கும்.

இன்னொன்று. அளத்தில் நீங்கள் பார்க்கப்போவது தாக்குப்பிடித்தவர்களை மட்டும்தான். முடியாமல் போனவர்கள் எப்போதோ வேலையை விட்டு வீட்டில் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டால் 'பெரிய பாதிப்பு இல்லை' என்று முடிவு வரும்; அது பொய்யாகிவிடும். குடியிருப்புக்குப் போய், "முன்னாடி அளத்துக்குப் போய் இப்போ நின்னவங்க யாரும் இருக்காங்களா?" என்று விசாரியுங்கள். பத்துப் பேர் கிடைத்தாலும் தனி அத்தியாயமாக எழுதுங்கள்.

கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வராமல் ஒருவரிடமும் ஒரு சொட்டும் வாங்கக் கூடாது. சம்மதப் படிவத்தைத் தமிழில், அவர்கள் பேசும் வார்த்தையிலேயே எழுதி வாசித்துக் காட்டுங்கள். வேலை நேரத்தில் நிறுத்திப் பேசினால் அவர்கள் கூலி குறையும் என்பதால் பேச்செல்லாம் வேலைக்குப் பிறகு, வீட்டில். யாருடைய சிறுநீர் மோசமாகக் காட்டுகிறதோ அவரிடம் அன்றே சொல்லி, ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுங்கள்.

முதல் நாள் படிவத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும்; அந்த நேரத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்கக் கூட இருங்கள். எடை பார்க்கிற நாளில் மட்டமான பலகை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வரப்பு மண்ணில் வைத்தால் எடைக்கருவி தப்பாகக் காட்டும்.