கண்ணீரில் உள்ள நரம்பு வளர்ச்சிப் புரதங்களை அளந்து கிளாக்கோமாவை முன்கூட்டியே அறிய முடியுமா?

உங்கள் அப்பாவுக்குக் கிளாக்கோமா (பார்வை நரம்பு படிப்படியாகச் சிதையும் கண்நோய்) இருப்பதாகவும், இந்நோய் உள்ளவர்களின் கண்ணீரிலும் இரத்தத்திலும் நரம்பு வளர்ச்சிப் புரதங்கள் குறைந்திருக்கும் என்று படித்ததாகவும் சொல்லி, அந்தப் பரிசோதனையை நீங்கள் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைய நிலையில் அதனால் உங்களுக்குப் பயனில்லை. ஆய்வுக்கூடம் ஒன்றில் சில காலம் இப்புரதங்களை அளந்தவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழ 10 இலட்சம் நரம்பிழைகள் மூளைக்குச் செல்கின்றன. அவற்றுக்கு மூலமான விழித்திரை கேங்கிலியன் செல்கள் உயிரோடிருக்க உதவும் நரம்பு வளர்ச்சிப் புரதங்களுள் முக்கியமானது பிடிஎன்எஃப் (BDNF). அதில் ஒரு பகுதியை விழித்திரையே உண்டாக்கிக்கொள்கிறது. இன்னொரு பகுதி மூளையிலிருந்து அதே இழைகளின் வழியே பின்னோக்கி வந்து சேர்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் கூடும்போது, பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் சல்லடை போன்ற இடத்தில் இழைகள் நெருக்குண்டு இந்தப் போக்குவரத்து தடைபடுவது விலங்குகளில் காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே நோயாளிகளின் உடல் திரவங்களில் இப்புரதத்தைத் தேடுவது நியாயமான முயற்சிதான். கண்ணழுத்தம் கூடாமலே வரும் இயல்பழுத்தக் கிளாக்கோமா உள்ளவர்களின் கண்ணீரில் பிடிஎன்எஃப் குறைந்திருப்பதாக 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தொடக்கநிலை நோயாளிகளின் சீரத்திலும் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) அது குறைவு என்று 2011இல் இன்னொன்று வந்தது. 2017இல் இத்தாலிய ஆய்வாளர்கள் பிடிஎன்எஃப், இன்னொரு நரம்பு வளர்ச்சிப் புரதமான என்ஜிஎஃப் (NGF) இரண்டுமே சீரத்தில் குறைந்திருப்பதைக் கண்டார்கள்.

சிக்கல் அளக்கும் இடத்தில் இருக்கிறது. கண்ணீரை எடுக்க, கண்ணீரை உறிஞ்சும், 5 மி.மீ. அகலமுள்ள ஷிர்மர் தாளின் நுனியை மடித்துக் கீழிமையில் செருகி 5 நிமிடம் காத்திருப்போம். தாள் சற்று உறுத்தினாலே கண் கலங்கிப் பொலபொலவென்று நீர் சுரந்து, புரதம் நீர்த்துப்போகும். பல ஆண்டுகளாகத் தினமும் சொட்டு மருந்து விடுபவரின் கண்பரப்பு, மருந்திலுள்ள பதப்படுத்தும் பொருளாலேயே மாறியிருக்கலாம். அப்படியானால் அளப்பது நோயையா, மருந்தின் விளைவையா? இரத்தத்திலோ பிடிஎன்எஃப்பின் பெரும்பகுதி தட்டணுக்களுக்குள் அடைந்து கிடக்கிறது. இரத்தம் உறையும்போதுதான் அது வெளிவரும் என்பதால், குழாயை எவ்வளவு நேரம் வைத்திருந்தோம் என்பதைப் பொறுத்தே எண் மாறும். போதாக்குறைக்கு மனச்சோர்விலும் அது குறைகிறது, உடற்பயிற்சிக்குப் பின் கூடுகிறது. கண்ணின் முன்னறை நீரில் அளப்பது நோய்க்கு இன்னும் நெருக்கமானது. ஆனால் அங்கே இருப்பதே கால் மில்லிலிட்டர் அளவுதான், அதையும் அறுவை அரங்கில்தான் எடுக்க முடியும். ஒப்பீட்டுக்குக் கிடைப்பவர்களோ பெரும்பாலும் கண்புரை நோயாளிகள்.

புரதம் கூடக் கூட நிறம் அடரும் எலைசா சோதனைத் தட்டின் குழிகளில் நீலம் எழுந்து, அமிலம் விட்டதும் மஞ்சளாகும் நிறத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நோயாளிக் குழுவின் சராசரி குறைந்திருந்தாலும், தனித்தனிக் குழிகளைப் பார்த்தால் நோயுள்ளவரின் மஞ்சள் இல்லாதவரின் மஞ்சளைவிட அடர்ந்திருப்பது அடிக்கடி நடக்கும். ஒரே ஆளின் ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவு வராது.

இப்புரதத்தையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்ற கேள்வியும் அடுத்து வரும். ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்ததில் முக்கியப் பங்கு வகித்த என்ஜிஎஃப், இன்று கருவிழியின் ஒருவகை நரம்புக் குறைபாட்டுக்குச் சொட்டு மருந்தாகவே கிடைக்கிறது. அதைக் கிளாக்கோமாவில் 60 பேரிடம் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள்: பாதுகாப்பானது என்று தெரிந்தது, ஆனால் பார்வையில் புள்ளியியல் நோக்கில் உறுதியான முன்னேற்றம் தெரியவில்லை. உங்கள் அப்பாவின் சொட்டு மருந்து அழுத்தத்தைத்தான் குறைக்கிறது. நோயின் வேகத்தைக் குறைக்கும் என்று நிரூபணமான வழியும் அதுவே என்பதால், அதை ஒரு வேளையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம். எனவே நீங்கள் கண் மருத்துவரிடம் சென்று கண்ணழுத்தம், பார்வை நரம்பின் தலைப்பகுதி, பார்வைப் புலம் (நேராகப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் பரப்பு) ஆகிய மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் வழக்கமான மேல்வரம்பான 21 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இயல்பான அழுத்தத்திலும் இந்நோய் வரும்.