சொல்ல வைப்பதற்கும் கேட்பதற்கும் இடையில்

கேள்வி: படுவான்கரையிலுள்ள பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். இரண்டு நாள் உளவளத்துணைப் பயிற்சியொன்றில் பங்குபற்றியிருக்கிறேன். எங்கள் ஒன்பதாம் தர மாணவி ஒருத்தியின் தந்தை வயற்காவலுக்குப் போன இடத்தில் யானை தாக்கி இறந்துவிட்டார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்து அவள் பாடசாலைக்கு வந்ததும், தோழிகளோடு வட்டமாக இருத்தி, அன்றிரவு நடந்ததை முழுவதும் சொல்லச் சொன்னேன். கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று எண்ணினேன். பாதியில் நடுங்கத் தொடங்கினாள்; மறுநாளிலிருந்து வரவில்லை. நான் தீங்கு செய்துவிட்டேனா? மீண்டும் அழைத்து மிகுதியையும் பேசவைக்கலாமா? நித்திரைக்குக் குளிசை கொடுக்கலாம் என்று உறவினர் சொல்கின்றனர்.
ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, மழுப்பாமல் சொல்கிறேன்: ஆம், அந்த அமர்வு பெரும்பாலும் அவளை நோகச் செய்திருக்கிறது. திருத்த முடியாதது என்று நான் கருதவில்லை. ஆனால் உங்கள் எண்ணம் நல்லது என்பதை வைத்து அவளுக்கு நேர்ந்ததைக் கழித்துவிட முடியாது.

'முதலில் தீங்கு செய்யாதே' என்ற வரி மருத்துவரின் உறுதிமொழியில் இருப்பதாகப் பலர் நம்புகின்றனர். பண்டைக் கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழியில் அது அப்படியே இல்லை. அவர் பெயரிலுள்ள, கொள்ளைநோய்கள் பற்றிய வேறொரு நூலில், உதவு, இல்லையேல் தீங்காவது செய்யாதிரு என்ற பொருளில் வருகிறது. அங்கே உதவிதான் முதலில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே பயந்து அந்தப் பிள்ளையிடமிருந்து ஒதுங்குவதும் விடையாகாது.

மனத்துக்குச் செய்யும் தீங்கில் ஒரு சிக்கல் உண்டு. பிழையான ஊசி போட்டால் கை வீங்கும், எல்லோருக்கும் தெரியும். பிழையான நேரத்தில் கேட்ட கேள்வி எங்கே வீங்கியது என்று யாருக்கும் தெரிவதில்லை, அழுகை வந்தால் 'வேலை செய்கிறது' என்று கேட்டவரே திருப்தியடைந்தும் விடுகிறார். அதனால்தான் இதை அளந்து பார்த்த ஆய்வுகள் முக்கியமாகின்றன. 1997இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்றில், தீக்காயமடைந்த வளர்ந்தவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் ஒரே அமர்வில் நடந்ததை விரிவாகப் பேசவைத்தனர். 13 மாதங்களின் பின் பார்த்தபோது, அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோய் பேசவைக்கப்பட்டோரில் நூற்றுக்கு 26 பேருக்கும், மற்றவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கும் இருந்தது. முன்னவர்களின் காயங்கள் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையானவை என்பதையும் சேர்த்துத்தான் இதை எடைபோட வேண்டும். எனினும் பின்னர் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகளும் அத்தகைய அமர்வால் நன்மை இருப்பதாகக் காணவில்லை. அனர்த்தங்களில் பணிபுரிவோருக்கென 2007இல் வெளியான சர்வதேச வழிகாட்டியும் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது.

நம் கரைக்கு இது புதிய பாடமல்ல. 2004 மார்கழிக் கடல்கோளுக்குப் பின், முகாம்களில் இருந்த தாய்மாரிடம் ஒரு குழு போக இன்னொரு குழு வந்து அதே கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். நான்காவது முறை சொன்ன ஒருவர், யாருக்கோ பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னார். மரணவீட்டில் ஒப்பாரி வைப்பவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. விரும்பிய அளவு அழுகிறார், விரும்பிய இடத்தில் நிறுத்துகிறார், பக்கத்தில் ஆள் இருக்கிறது. உங்கள் வட்டத்தில் அவளுக்கு நிறுத்தும் உரிமை இருக்கவில்லை. தோழிகள் கேட்டதை வெளியில் சொல்லாமலிருப்பார்கள் என்ற உறுதியும் இல்லை.

எனவே, பேசி முடிக்க வைப்பதற்காக அவளை அழைக்க வேண்டாம். தாயிடம் முன்பே சொல்லிவிட்டு ஒருநாள் வீட்டுக்குப் போங்கள். "அன்றைக்கு உன்னைக் கேட்காமல் எல்லார் முன்னிலும் சொல்ல வைத்தது என் பிழை, இனி அப்படி நடக்காது" என்று அவளிடம் சொன்னால் போதும். மன்னிப்பு நீண்டால் உங்களைத் தேற்றும் வேலையும் அவள் தலையில் விழும். பிறகு தவறிய பாடக் குறிப்புகளைப் பற்றிப் பேசுங்கள். அவளாகத் தொடங்கினால் கேளுங்கள். விவரம் தேடிக் கேட்க வேண்டாம்.

குளிசை வேண்டாம். இழப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கோ வளர்ந்தவர்களுக்கோ நித்திரைக்கும் பதற்றத்துக்கும் பயன்படும் டயசெபாம் வகை மருந்துகளைக் கொடுக்கக்கூடாது என்பது 2013இல் உலக சுகாதார நிறுவனம் தந்த அறிவுரை. நித்திரையின்மையும் நடுக்கமும் வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, உணவை வெறுத்தாலோ, தான் சாவதைப் பற்றிப் பேசினாலோ, தாயின் சம்மதத்துடன் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தான் சாவதைப் பற்றி அவள் பேசினால், சற்றும் காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணிலும் உடனே ஆலோசனை கேட்கலாம். இரண்டு நாள் பயிற்சி உங்களுக்குத் தந்திருக்கக்கூடிய மிகப் பெறுமதியான திறமை, எங்கே கைமாற்றி விடவேண்டும் என்று அறிவதுதான். அதைச் சொல்லித்தராமல் சான்றிதழ் வழங்கியவர்கள்மீது எனக்குக் கோபமே உண்டு.

இன்னொன்று. மாலை வகுப்பு முடிந்து அவள் வீடு திரும்பும் வழி யானை நடமாடும் வழியாக இருந்தால், அதிபரிடம் பேசி, இருட்டுவதற்கு முன் அவள் துணையோடு வீடுபோய்ச் சேர ஒழுங்கு செய்யுங்கள். அவள் பாடசாலைக்கு வராததற்கு அந்த வழியும் ஒரு காரணமாக இருக்கலாம். அதைத் தாயிடம் கேட்டுப் பாருங்கள்.